மேனிஃபோல்டு பள்ளத்தாக்கின் மஞ்சள் ரயில்



இங்கிலாந்து ரயிலைப் பற்றிப் பேச்சு என்றதும் ஸ்டீவன்சனில் தொடங்கி ஃபிளையிங் ஸ்காட்ஸ்மனில் முடிப்பேன் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் இருக்கக்கூடும். அவர்களை ஏமாற்றப் போகிறேன். நான் பேசவிருக்கும் பாதையின் நீளம் எட்டேகால் மைல்தான். அதற்கு இருந்தவை இரண்டே இன்ஜின், நான்கே பயணிகள் பெட்டி. 1904 ஜூனில் ஓடத் தொடங்கி 1934 மார்ச்சில் நின்றுபோனது. முப்பது வருடம்கூட முழுதாக ஓடவில்லை.

அதன் பெயர் லீக் அண்ட் மேனிஃபோல்டு வேலி லைட் ரயில்வே. ஸ்டாஃபர்ட்ஷயர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், டெர்பிஷயர் எல்லையை ஒட்டிய மலைப்பகுதியில் ஓடியது. இத்தனை ரயில்கள் இருக்க இதை ஏன் எடுத்தேன் என்றால், இதைக் கட்டிய பொறியாளர் தொழிலில் பேர் வாங்கியது நம் நாட்டில். மகாராஷ்டிரத்தில் ஓட்டிப் பார்த்து ஜெயித்த ஒன்றை அவர் தன் ஊருக்கு எடுத்துப் போனார். அங்கே போட்ட ரயிலை இங்கே போட்டார்கள் என்பதுதான் நாம் வழக்கமாகக் கேட்கும் கதை. இது அதற்குத் தலைகீழ். அதே கேஜ், அதே ஆள், இன்ஜினுக்கும் அதே கம்பெனி. ஆனால் இங்கே நூறு வருடத்துக்கு மேல் ஓடியது, அங்கே முப்பது வருடத்துக்குள் மூடிவிட்டார்கள். ஏன் என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். அது சுண்ணாம்புக்கல் பூமி. மேலே அகன்ற மேட்டுநிலம், புல்வெளி, கல்லை அடுக்கிக் கட்டிய வேலிச் சுவர், ஆடு மாடு. அந்த மேட்டை அறுத்துக்கொண்டு கீழே இரண்டு ஆறுகள் போகின்றன, மேனிஃபோல்டு ஒன்று, ஹாம்ப்ஸ் ஒன்று. ஆறு என்றேனே தவிர, கோடையில் போய்ப் பார்த்தால் வெறும் கூழாங்கல்தான் கிடக்கும். சுண்ணாம்புக்கல்லில் வெடிப்பும் பொந்தும் அதிகம். வெட்டன் மில் என்ற இடத்துக்குக் கீழே மேனிஃபோல்டின் தண்ணீர் அப்படியே பூமிக்குள் இறங்கிவிடுகிறது. சில மைல் தள்ளி, ஐலம் என்ற ஊரில் மறுபடி வெளியே வருகிறது. ஹாம்ப்ஸும் இதே வேலையைச் செய்கிறது. ரயில்பாதை ஆற்றை ஒட்டியே போனது. அதனால் வளைவுக்கு வளைவு பாலம். அந்தப் பாலங்களில் பலவும் வருடத்தில் பல மாதம் தண்ணீரே இல்லாத ஆற்றின் மேல் நின்றன.

இப்படிப்பட்ட இடத்துக்கு எதற்கு ரயில்? அதற்கு 1896ஆம் வருடச் சட்டம் ஒன்றைச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபது முப்பது வருடங்களில் இங்கிலாந்தின் விவசாயம் படுத்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து மலிவான கோதுமை கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. கிராமத்தைத் தூக்கி நிறுத்த ரயில் போடலாம் என்றால், ரயில் சட்டங்கள் அவ்வளவும் பெரிய பாதைகளுக்காக எழுதப்பட்டவை. சிக்னல் வேண்டும், கேட் வேண்டும், உயரமான பிளாட்பாரம் வேண்டும், நாடாளுமன்றத்தில் தனி மசோதா வேண்டும். இவற்றையெல்லாம் தளர்த்தி, மெதுவாக ஓடுகிற, எடை குறைந்த ரயிலுக்கு எளிதாக அனுமதி கொடுக்க வந்ததுதான் லைட் ரயில்வே சட்டம். அரசு கஜானாவிலிருந்து உதவிப் பணத்துக்கும் அதில் வழி இருந்தது. பட்டுச் சாயத்துக்குப் பேர்போன லீக் நகரத்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1899இல் அனுமதி வந்தது. ஓட்டும் பொறுப்பை நார்த் ஸ்டாஃபர்ட்ஷயர் ரயில்வே கம்பெனி ஏற்றுக்கொண்டது.

பாதை போட வந்தவர் எவரார்டு கால்த்ரோப். 1857இல் பிறந்தவர். ராபர்ட் ஸ்டீவன்சன் தொழிற்சாலையிலும் க்ரூ ரயில் பட்டறையிலும் வேலை பழகிவிட்டு, 1882இல் கிரேட் இந்தியன் பெனின்சுலா ரயில்வேயில் இன்ஜின் இன்ஸ்பெக்டராக பம்பாய்ப் பக்கம் வந்து சேர்ந்தார். சோலாப்பூர்ப் பகுதியில் பார்ஷி என்று ஓர் ஊர். பருத்திச் சந்தை. ரயில் அந்த ஊரைத் தொடாமல் இருபது மைலுக்கு மேல் தள்ளிப் போய்விட்டது. பொதி பொதியாகப் பருத்தி மாட்டு வண்டியில் போனது. பெரிய பாதைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கச் சின்னதாக ஒரு கிளைப்பாதை போட்டால் என்ன என்று கால்த்ரோப் கேட்டார். கம்பெனி அசையவில்லை. மனிதர் விடவில்லை. வேலையை விட்டு, இங்கிலாந்து போய், ஆலோசகராகப் பிழைத்து, வருடக்கணக்கில் மனுப் போட்டு, கடைசியில் 1895இல் லண்டனில் தானே பார்ஷி லைட் ரயில்வே கம்பெனியை எழுப்பினார். 1897இல் பார்ஷி ரோடு, அதாவது இன்றைய குர்டுவாடியிலிருந்து பார்ஷிக்கு ரயில் ஓடியது.

அவர் எடுத்துக்கொண்ட கேஜ் இரண்டரை அடி, 762 மில்லிமீட்டர். நேரோ கேஜ் என்றால் குழந்தைகள் பூங்காவில் ஓடும் ரயில் மாதிரிதான் இருக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்த காலம். கால்த்ரோப் கணக்கை வேறு மாதிரி போட்டார். தண்டவாளம் இலேசாக இருந்தால்தான் செலவு குறையும். இலேசான தண்டவாளம் தாங்க வேண்டுமானால் எந்த அச்சும் ஐந்து டன்னுக்கு மேல் அழுத்தக் கூடாது. சரி, இன்ஜின் ஆனாலும் சரக்குப் பெட்டி ஆனாலும் ஒவ்வோர் அச்சிலும் அந்த ஐந்து டன்னைச் சமமாகப் பங்கிட்டு ஏற்றிவிட்டால்? அச்சுகளைக் கூட்டிக்கொண்டே போகலாம், வண்டி பெரிதாகிக்கொண்டே போகும், தண்டவாளத்துக்கு ஒன்றும் ஆகாது. பார்ஷிக்குச் செய்த இன்ஜின்களைக் கப்பலேற்றும் முன்பு லீட்ஸ் நகரத்துப் பக்கத்தில் நியூலே என்ற இடத்தில் தண்டவாளம் போட்டு ஓட்டிக்காட்டினார். இந்த யோசனையால் நேரோ கேஜின் மதிப்பே உயர்ந்தது.

இந்த மனிதரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. அரபுக் குதிரை வளர்த்தார், குதிரையைப் பற்றிப் புத்தகமும் எழுதினார். 1910இல் ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனத்தின் சார்லஸ் ரோல்ஸ் விமான விபத்தில் இறந்தபோது, நண்பரை இழந்த கால்த்ரோப் பாராசூட் பக்கம் திரும்பினார். 'கார்டியன் ஏஞ்சல்' என்று பெயர் வைத்து ஒரு பாராசூட்டைச் செய்தார். 1917இல் லண்டன் டவர் பிரிட்ஜின் மேலிருந்தே இரண்டு பேர் அதைக் கட்டிக்கொண்டு குதித்துக் காட்டினார்கள். ஆனாலும் முதல் உலகப் போர் முடியும் வரை பிரிட்டிஷ் போர் விமானிகளுக்குப் பாராசூட் கிடைக்கவில்லை. சரியானதைக் கண்டுபிடித்துவிட்டு, அதிகாரிகளின் கதவைத் தட்டித் தட்டியே கழிந்த வாழ்க்கை. பார்ஷி ஒன்றுதான் கதவு திறந்து முழுசாகப் பலித்தது.

மேனிஃபோல்டுக்கு வருவோம். பார்ஷிக்கு இன்ஜின் செய்த லீட்ஸ் கிட்சன் கம்பெனியேதான் இங்கேயும் செய்தது. இரண்டு இன்ஜின். ஒன்றின் பெயர் 'இ.ஆர். கால்த்ரோப்', இன்னொன்று 'ஜே.பி. ஏர்ல்', பாதை போடும்போது களத்தில் நின்ற பொறியாளரின் பெயர். முன்னால் இரண்டு சிறு சக்கரம், நடுவில் ஆறு ஓட்டுச் சக்கரம், பின்னால் நான்கு. இந்த அமைப்பில் தண்ணீர்த் தொட்டியைத் தன்மேலேயே சுமக்கும் இன்ஜின் பிரிட்டனில் ஓடியது இதுதான் முதல் தடவை. புகைப்படத்தைப் பார்க்கிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது அதன் நெற்றியில் இருந்த பிரம்மாண்டமான விளக்கு. வேலி இல்லாத பாதையில் இரவில் மாடு படுத்திருந்தால் தெரிய வேண்டுமே என்று இந்தியாவில் வைக்கிற விளக்கு அது. ஸ்டாஃபர்ட்ஷயரில் அதற்கு வேலை இல்லை. அதை ஏற்றியதே கிடையாது என்று சொல்வார்கள்.

பெட்டிகள் இன்னும் வேடிக்கை. இரண்டு முனையிலும் நம் வீட்டுத் திண்ணையைப் போலத் திறந்த வராந்தா, அதற்கு அழகான கம்பிக் கிராதி. நல்ல அகலம், எட்டு அடிக்குக் கிட்டத்தட்ட. வெளியே பூசியது இளமஞ்சள் வண்ணம். மழையும் பனியும் கரிப்புகையும் ஓயாத ஊரில் வெளிர் மஞ்சளில் ஒரு ரயில்! பூனா வெயிலுக்கு வராந்தா பொருத்தம். ஜனவரி மாதத்து ஸ்டாஃபர்ட்ஷயர் காற்றில் அங்கே நின்று வந்தவர்கள் யாராவது இருந்தால் அவர்கள் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும். பின்னாளில் மஞ்சள் போய்ச் சிவப்பு வந்தது. ஆனால் நினைவு வைத்திருப்பவர்களுக்கெல்லாம் அது மஞ்சள் ரயில்தான்.

விளக்கும் வராந்தாவும் பார்வைக்கு. உண்மையான புத்திசாலித்தனம் சரக்கு விஷயத்தில் இருந்தது. கேஜ் மாறுகிற ஸ்டேஷனில் என்ன நடக்கும் என்று ரயில்வேயில் இருந்தவர்களுக்குத் தெரியும். பெரிய வண்டியிலிருந்து இறக்கு, சின்ன வண்டியில் ஏற்று. கரி என்றால் மண்வெட்டியால் வாரிப் போட வேண்டும். ஆள் கூலி, நேரம், சேதாரம், எல்லாம் நஷ்டம். சில மைல் போகிற சரக்குக்கு அந்தக் கூலியே வாடகையைத் தின்றுவிடும். கால்த்ரோப் என்ன செய்தார் என்றால், பெரிய வண்டியையே சின்ன வண்டியின் முதுகில் ஏற்றிவிட்டார். டிரான்ஸ்போர்ட்டர் வண்டி என்று அதற்குப் பெயர். தரையை ஒட்டித் தாழ்வாக ஒரு இரும்புச் சட்டம். சட்டத்தின் இரு ஓரத்திலும் வாய்க்கால் போல நீளமாக ஒரு பள்ளம், சரியாகப் பெரிய கேஜ் அகலத்துக்கு. வாட்டர்ஹவுசஸ் ஸ்டேஷனில் பெரிய கேஜ் தண்டவாளத்தின் முடிவில் இந்தச் சட்டத்தைக் கொண்டுவந்து முட்ட நிறுத்துவார்கள். இரண்டின் மட்டமும் ஒன்றாக நிற்கும். பெரிய வண்டியைத் தள்ளினால் சக்கரம் பள்ளத்தில் இறங்கி உருண்டு உள்ளே போய்விடும். சக்கரத்தை அசையாமல் பிணைத்துவிட்டு, கிளம்பு. போய்ச் சேரும் ஸ்டேஷனிலும் பெரிய கேஜில் ஒரு துண்டுத் தண்டவாளம் காத்திருக்கும். அங்கே வண்டியை உருட்டி விட்டுவிட்டால் டிரான்ஸ்போர்ட்டர் சும்மா நிற்காமல் அடுத்த வேலைக்குப் போகலாம். விவசாயி கரியை அவசரமில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பிரிட்டனில் இப்படிச் செய்தது இந்தப் பாதைதான் முதலில். இரண்டரை அடி தண்டவாளத்தில், ஆற்றோர வளைவில், முழு அளவுச் சரக்கு வண்டி ஒன்று சின்ன ரயிலின் வாலில் தலைக்கு மேலே அசைந்து வரும் படம் இருக்கிறது. சறுக்கி விழுந்துவிடுமோ என்று பார்க்கிறவர்களுக்குத்தான் பயம்.

1904 ஜூன் 27ஆம் தேதி டார்ட்மத் பிரபு திறந்து வைத்தார். திறப்பு விழா நடந்ததே தவிர, அங்கே போய்ச் சேர ரயில் இல்லை. லீக்கிலிருந்து வாட்டர்ஹவுசஸுக்கு வர வேண்டிய பெரிய கேஜ் பாதை இன்னும் முடியவில்லை. ஒரு வருடம் வரைக்கும் லீக்கிலிருந்து நீராவி பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு வந்து இந்த ரயிலில் ஏறினார்கள். ரயிலுக்குப் போக பஸ். முப்பது வருடத்துக்குப் பிறகு அந்த ரயிலையே பஸ்ஸும் லாரியும் சாப்பிட்டன.

இனி பாதையோடு போவோம். வாட்டர்ஹவுசஸ், ஸ்பாரோலீ, பீஸ்டன் டோர், கிரிண்டன், தார்ஸ் கேவ், ரெட்ஹர்ஸ்ட், வெட்டன் மில், பட்டர்டன், எக்டன், ஹ்யூம் எண்ட். பிளாட்பாரம் என்று இருந்தது ஒரு சாண் உயரம்கூட இராது. பாதிப் பாதை வரை துணைக்கு வருவது ஹாம்ப்ஸ். பீஸ்டன் டோர் பாறைக்குக் கீழே ஹாம்ப்ஸ் மேனிஃபோல்டோடு சேர்கிறது. அந்தப் பாறையில் இருக்கும் ஒரு குகையில் 1924இல், ரயில் ஓடிக்கொண்டிருந்த காலத்திலேயே, ஆங்கிலோ-சாக்சன் காலத்து வெள்ளிக் காசுகளும் வேலைப்பாடுள்ள உடை ஊக்குகளும் கிடைத்தன. வைக்கிங்குகளுக்குப் பயந்து ஒன்பதாம் நூற்றாண்டில் யாரோ ஒளித்து வைத்தவை. இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன.

அடுத்து தார்ஸ் கேவ். பள்ளத்தாக்கின் தரையிலிருந்து கிட்டத்தட்ட எண்பது மீட்டர் உயரத்தில், செங்குத்துப் பாறையின் நெஞ்சில் திறந்த வாய் போல ஒரு குகை. அதன் வாசலே பத்து மீட்டர் உயரம். கற்காலத்திலிருந்து ரோமானியர் காலம் வரை ஆட்கள் புழங்கிய தடயம் உள்ளே இருந்தது. கம்பெனி இந்தக் குகையை நம்பித்தான் உல்லாசப் பயணிகளை எதிர்பார்த்தது. ஸ்டேஷனில் சிற்றுண்டிச் சாலையும் வைத்தார்கள். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் பீங்கான் தொழிற்சாலைகளின் சூளைப்புகையில் வருடம் முழுக்க இருந்த தொழிலாளிகள், விடுமுறை விட்டதும் குடும்பத்தோடு கிளம்பி வந்தார்கள். அந்த நாட்களில் நான்கு பெட்டி எந்த மூலைக்கு? சரக்கு வண்டிகளில் பெஞ்சு போட்டு ஆளை ஏற்றினார்கள். அந்த ஓரிரு வாரத்தை மட்டும் பார்த்தவர்கள் கம்பெனி கொழிக்கிறது என்றே நினைத்திருப்பார்கள்.

வெட்டன் மில் தாண்டிப் பட்டர்டன் ஸ்டேஷன். அதை ஒட்டி ஸ்வெயின்ஸ்லி சுரங்கம், 164 கெஜம். இந்தப் பாதையில் ஒரே சுரங்கம் இதுதான். பக்கத்தில் ஸ்வெயின்ஸ்லி ஹால் என்ற மாளிகை. அங்கே இருந்தவர் சர் தாமஸ் வார்டில். தன் வீட்டு ஜன்னலில் ரயில் தெரியக் கூடாது என்பதற்காகவே மலையைக் குடைய வைத்தார் என்பது ஊர்ப் பேச்சு.

இந்த வார்டிலும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டியவர். லீக் நகரத்துச் சாயத் தொழிலதிபர். டஸ்ஸர் பட்டு தெரியும் அல்லவா, காட்டில் கிடைக்கும் பட்டு? அதன் பழுப்பு நிறத்தின் மேல் சாயம் ஏறாது, அதனால் ஐரோப்பாவில் விலைபோகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். அதை வெளுக்கவும் சாயமேற்றவும் வழி கண்டவர் வார்டில். 1878 பாரீஸ் கண்காட்சியில் காட்டினார். 1885-86இல் பட்டு விஷயமாகவே இந்தியாவுக்கு வந்து வங்காளத்தில் சுற்றினார். வில்லியம் மாரிஸ் என்ற கவிஞர், கைவினைக்காரர், அவுரியும் மஞ்சிட்டியும் போன்ற பழைய தாவரச் சாயங்களை மீட்டெடுக்க லீக்குக்கு வந்து இவரோடுதான் தொட்டியில் கையை விட்டார். வார்டிலின் மனைவி எலிசபெத், ஊர்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு பேயோ என்ற பழைய தையல் சித்திரத் திரைச்சீலையை முழு நீளத்துக்கும் நகலாகத் தைத்து முடித்தார். அது இன்று ரெடிங் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆக, எட்டேகால் மைல் பாதையில் பார்ஷி ரயில்காரர் ஒருவர், வங்காளப் பட்டுக்காரர் ஒருவர். ஒருவர் ரயில் விட, இன்னொருவர் அதைக் கண்ணில் காட்டாதே என்றாராம்!

நான் அந்தச் சுரங்கத்துக்குள் நின்றிருக்கிறேன். நேரோ கேஜ் சுரங்கம் என்றால் குனிந்து போக வேண்டியிருக்கும் என்று நினைப்போம். அண்ணாந்து பார்க்க வேண்டியிருக்கிறது. டிரான்ஸ்போர்ட்டர் முதுகில் ஏறி வரும் பெரிய வண்டியின் தலை இடிக்காமல் இருக்க அவ்வளவு உயரம் குடைந்திருக்கிறார்கள். இன்றைக்கு அதற்குள் கார் போகிறது. எதிரே ஒன்று வந்தால் ஒதுங்கி நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

எக்டனில் பதினெட்டாம் நூற்றாண்டில் செம்புச் சுரங்கம் கொழித்தது. டெவன்ஷயர் பிரபுவின் சொத்து. பக்ஸ்டன் நகரத்தில் பிறைவடிவில் அவர் எழுப்பிய மாளிகை வரிசை இந்தச் செம்புக் காசில் எழுந்தது என்பார்கள். ரயில் வரும்போது சுரங்கம் மூடிப் பல வருடம் ஆகிவிட்டது. ஆனால் எக்டனில் பிறகு பால் பண்ணைத் தொழிற்சாலை வந்தது. அதுதான் இந்த ரயிலுக்குச் சோறு போட்டது. காலையில் கறந்த பால் கேன் கேனாக வந்து சேரும். பால் வண்டி டிரான்ஸ்போர்ட்டரில் ஏறி வாட்டர்ஹவுசஸ் போய், அங்கிருந்து பெரிய பாதையில் லண்டன் வரைக்கும் போனது. குகை பார்க்க வந்த கூட்டம் வருடத்தில் சில வாரம். பால் முந்நூற்று அறுபத்தைந்து நாளும்.

ஹ்யூம் எண்டோடு பாதை முடிகிறது. அங்கே என்ன இருந்தது? ஒரு விடுதி, சில வீடு. விடுதிக்கு லைட் ரயில்வே ஹோட்டல் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். ஸ்டேஷன் பலகையில் ஹார்டிங்டன் என்ற ஊரின் பெயரையும் சேர்த்து எழுதினார்கள். ஹார்டிங்டன் அங்கிருந்து இரண்டு மைல். அந்த ஊருக்கு வேறு பக்கத்தில் 1899இலேயே, அதாவது இந்தப் பாதைக்கு அனுமதி கிடைத்த அதே வருடம், லண்டன் அண்ட் நார்த் வெஸ்டர்ன் ரயில்வே தன் பக்ஸ்டன்–ஆஷ்போர்ன் பாதையில் ஸ்டேஷன் திறந்துவிட்டது. பக்ஸ்டன் வரை நம் சின்ன ரயிலையும் நீட்டலாம் என்ற பேச்சுக்கு அன்றோடு உயிர் போயிற்று. எங்கேயோ தொடங்கி எங்கேயும் போகாமல் நிற்கிற ரயில் என்று பாதை போட்ட கூலியாள் ஒருவர் கிண்டல் செய்ததாக இன்றும் சொல்வார்கள்.

என் கேள்விக்கு வருகிறேன். கிரிண்டன், பட்டர்டன், வெட்டன் எல்லாம் ஸ்டேஷன் பெயர்கள்தானே? அந்தப் பெயருள்ள கிராமங்கள் எங்கே இருக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள். எல்லாம் மேட்டின் மேலே. ஸ்டேஷன் கீழே ஆற்றங்கரையில். நடுவில் நூற்றுக்கணக்கான அடி ஏற்றம். சந்தைக்குப் போய் மூட்டையோடு திரும்பும் பெண், கிரிண்டன் ஸ்டேஷனில் இறங்கி அந்த ஏற்றத்தில் நடந்தால்தான் கிரிண்டன் போகலாம். ரயிலுக்குத் தோதான இடம் பள்ளத்தாக்கு. ஆட்களுக்குத் தோதான இடம் மேடு, ஏனென்றால் புல்லும் கிணறும் பாதையும் அங்கேதான். ரயில் போன இடத்தில் ஜனம் இல்லை, ஜனம் இருந்த இடத்துக்கு ரயில் ஏறாது. முதல் உலகப் போர் முடிந்து, ராணுவத்தில் லாரி ஓட்டிப் பழகியவர்கள் ஊர் திரும்பி, விற்றுத் தள்ளிய ராணுவ லாரிகளை வாங்கிப் போட்டார்கள். பஸ் ஊர் நடுவிலேயே வந்து நின்றது. லாரி பண்ணை வாசலிலேயே வந்து பால் கேனைத் தூக்கியது. பிறகு எதற்கு மலையிறங்க வேண்டும்?

1923இல் பிரிட்டனின் ரயில் கம்பெனிகளையெல்லாம் நான்காகத் திரட்டியபோது இந்தக் குட்டிப் பாதை லண்டன் மிட்லண்ட் அண்ட் ஸ்காட்டிஷ் என்ற பூதத்தின் கையில் போனது. ஆயிரக்கணக்கான மைல் வைத்திருக்கிறவர்களுக்கு எட்டு மைல் ஒரு கணக்குப் புத்தக வரி. 1930களின் தொடக்கத்தில் எக்டன் பால் தொழிற்சாலை மூடியதும் வரவு பக்கம் காலியாகிவிட்டது. 1934 மார்ச் 10, சனிக்கிழமை, கடைசி வண்டி.

இதே காலத்தில் பார்ஷி என்ன செய்துகொண்டிருந்தது? 1906இல் பண்டரிபுரம் வரை போய்விட்டது. விட்டலனைப் பார்க்க ஆஷாட ஏகாதசிக்கு லட்சக்கணக்கில் திரளும் ஜனம். 1911இல் லாத்தூர், 1927இல் மிரஜ். மொத்தம் இருநூறு மைலுக்கு மேல் நீண்டுவிட்டது. ஒரு முனையில் பருத்தி, இன்னொரு முனையில் பக்தி. தரை சமம், எனவே ஊரும் ரயிலும் ஒரே மட்டத்தில். 1954 வரை தனியார் கம்பெனியாகவே இருந்து, பிறகு அரசின் கைக்கு வந்து, இந்த நூற்றாண்டின் முதல் பத்து வருடத்தில் பிராட் கேஜாக மாறியது. விட்டலனுக்கு ஈடாக மேனிஃபோல்டில் இருந்தது ஒரு குகை. குகையை ஒருவர் வாழ்நாளில் ஒரு தடவை பார்த்தால் போதும்.

மறைந்துபோன ரயில்களைப் பற்றி எழுதுகிறவர்கள், குறிப்பாக இங்கிலாந்தில், மூடியவனைத் திட்டி எழுதுவது வழக்கம். திட்டு பெரும்பாலும் பீச்சிங் என்ற அதிகாரிக்குப் போகும். 1963இல் அறிக்கை கொடுத்து ஆயிரக்கணக்கான மைல் பாதையை மூடச் சொன்னவர். அவரைத் திட்ட நியாயம் உண்டு. ஊர்களை இணைத்திருந்த நல்ல பாதைகளும் அந்தக் கத்தியில் போயின. ஆனால் மேனிஃபோல்டு ரயில் அவருக்கு முப்பது வருடம் முன்பே போய்விட்டது. சஃபோக் கடற்கரையில் சவுத்வோல்டு ரயில் 1929இல், டெவனில் லிண்டன்–பார்ன்ஸ்டபிள் 1935இல். இவற்றை எந்த அதிகாரியும் கொல்லவில்லை. மேனிஃபோல்டை மூடியது தவறு என்று நான் நினைக்கவில்லை. இன்ஜின், பெட்டி, டிரான்ஸ்போர்ட்டர் எல்லாமே முதல் தரம். போட்ட இடம்தான் தப்பு.

ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்னும் இருபது வருடம் எப்படியாவது தள்ளியிருந்தால் கதை வேறாகியிருக்கும். வேல்ஸில் டாலிலின் என்ற சிறு ரயிலை 1951இல் தொண்டர்கள் எடுத்து ஓட்டத் தொடங்கினார்கள். உலகத்திலேயே அதுதான் முதல். அதே வேல்ஸில் வெல்ஷ்பூல்–லான்ஃபேர் பாதை, இதே இரண்டரை அடி கேஜ், இதே 1896 சட்டத்தில் பிறந்தது, 1903இல் திறந்தது. 1956இல் மூடினார்கள், 1963இல் தொண்டர்கள் மறுபடி திறந்தார்கள், இன்றும் ஓடுகிறது. ரயிலை ரயிலுக்காகவே பார்க்க வரும் கூட்டத்துக்கு மலைமேல் கிராமம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஊருக்குப் பயன்படாத மேனிஃபோல்டு, உல்லாசத்துக்கு அற்புதமாகப் பயன்பட்டிருக்கும். அந்த யோசனை பிறக்கும் முன்பே கால்த்ரோப், ஏர்ல் இரண்டு இன்ஜினும் பழைய இரும்பாக உடைபட்டுவிட்டன.

நம் பக்கத்திலும் இதே கேஜில் இதே காலத்தில் போட்டது உண்டு என்பதால் ஒரு வார்த்தை. திருப்பத்தூர்–கிருஷ்ணகிரி 1905இல், மொரப்பூர்–தர்மபுரி 1906இல். பஞ்சத்துக்குத் தற்காப்பாகப் போட்ட பாதைகள். 1941இல் இரண்டாம் உலகப் போர்த் தேவைக்காகத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள். தர்மபுரிக்காரர்கள் மொரப்பூர் இணைப்பைப் பல பத்தாண்டுகள் கேட்டுக்கொண்டே இருந்தது இங்கே பலருக்குத் தெரியும். ஹ்யூம் எண்டுக்கு ரயில் வேண்டும் என்று யாரும் மனுக் கொடுக்கவில்லை. இந்த வித்தியாசத்தில் என் வாதம் அடங்கியிருக்கிறது.

ரயில் கம்பெனி போகும்போது ஒரு நல்ல காரியம் செய்தது. தண்டவாளம் கிடந்த நிலத்தை ஸ்டாஃபர்ட்ஷயர் கவுண்டி கவுன்சிலுக்கு இனாமாகக் கொடுத்துவிட்டது. 1937 ஜூலையில் அதை நடைபாதையாகத் திறந்தார்கள். ரயில்பாதையை நடைபாதையாக்கியதில் பிரிட்டனிலேயே மிக முந்தியவற்றில் ஒன்று அது. பின்னாளில் சுரங்கம் இருக்கும் நடுப்பகுதியைக் கார் ஓடும் சாலையாக்கினார்கள். மீதியில் இன்று சைக்கிளும் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடையில்லாமல் போகின்றன, ஏனென்றால் ரயிலுக்குப் போட்ட சரிவு அல்லவா, எங்கும் மூச்சு வாங்காது. ரயில் ஓடிய வருடங்களைப் போலக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு காலம் நடைபாதையாக இருந்துவிட்டது. ஹ்யூம் எண்டில் டிக்கெட் கொடுத்த சின்னக் கட்டடம் இன்னும் இருக்கிறது. உள்ளே பாதையின் கதையைப் படங்களோடு வைத்திருக்கிறார்கள். இன்ஜின் ஷெட் இருந்த இடத்தில் டீக்கடை.

போய்ப் பார்க்க நினைக்கிறவர்களுக்கு வழி சொல்லிவிட்டு முடிக்கிறேன். ஸ்டோக்-ஆன்-டிரென்ட் வரை ரயிலில் போகலாம். லீக் நகரத்துக்கு இப்போது வழக்கமான பயணிகள் ரயில் கிடையாது, பஸ்தான். வாட்டர்ஹவுசஸில் வாடகை சைக்கிள் கிடைக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். காலையிலேயே கிளம்பினால் தார்ஸ் கேவுக்கு ஏறி இறங்கியும் நேரம் மிஞ்சும். வார்டிலின் சுரங்கத்துக்குள் போகும்போது மட்டும் சைக்கிள் விளக்கைப் போட்டுக்கொண்டு, இடது ஓரமாகப் போங்கள். எதிரே கார் வரும்.